வங்கக் கடலுக்குப் போன பெல்லந்தூர் ஏரி

பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் ராஜகால்வாய்கள் எனும் பெரிய மழைநீர்க் கால்வாய்களின் பழைய போக்கை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் பணியில் எங்கள் குழு ஈடுபட்டிருந்தபோது, நில அளவையாளரின் டிஎக்ஸ்எஃப் கோப்பு (கணினி வரைபடக் கோப்பு), கைபேசி ஜிபிஎஸ் புள்ளிகள், 57 எச்/9 என்ற பழைய நிலவரைத் தாளின் ஸ்கேன் ஆகிய மூன்றும் என்னிடம் வந்து சேர்ந்தன. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தபோது அவற்றில் ஒன்றுகூட மற்றொன்றோடு பொருந்தவில்லை.

அளவையாளரின் கோப்பில் ஏரி வங்கக் கடலுக்குள் கிடந்தது. "அண்ணா, சென்னையையும் தாண்டிப் போய்விட்டதே!" என்று உடனிருந்த வேலூர்த் தம்பி திகைத்தார். நான் அமைப்புகளைத் தொடாமல் முதலில் எண்களைப் பார்த்தேன். கிழக்கு மதிப்பு 7,89,000, வடக்கு மதிப்பு 14,31,000 என்ற அளவில் இருந்தன. உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையின் 43-ஆம் மண்டலத்தில் அவை பெல்லந்தூருக்கு மிகச் சரியான மதிப்புகள். சென்னைக்கு உரிய 44-ஆம் மண்டலம் அந்த லேயருக்கு, அதாவது வரைபட அடுக்குக்கு, குறிக்கப்பட்டிருந்ததால்தான் ஏரி ஆறு பாகை கிழக்கே நகர்ந்திருந்தது. இத்தகைய நிலையில் பலர் 'ரீப்ராஜெக்ட்' செய்து எண்களையே வேறு ஆய முறைக்கு மாற்றிவிடுகிறார்கள்; அது தவறான இடத்தையே புதிய எண்களில் எழுதித் தரும். எண்கள் சரியாக இருந்து பெயர் மட்டும் பிழையாக இருந்ததால், லேயரின் சிஆர்எஸ்ஸை (ஆய முறையின் குறிப்பை) 43-ஆம் மண்டலத்துக்குரிய இபிஎஸ்ஜி 32643 என்ற குறியீட்டுக்கு மாற்றியதே போதுமானதாயிற்று.

ஜிபிஎஸ் புள்ளிகளின் சிக்கல் எளியது. அட்சரேகை எக்ஸ் இடத்திலும் தீர்க்கரேகை ஒய் இடத்திலும் ஏற்றப்பட்டிருந்ததால் அவை ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் பகுதியில் விழுந்திருந்தன. அந்த இரு நெடுவரிசைகளையும் இடம் மாற்றி ஏற்றியதும் ஊர் திரும்பின.

பழைய தாள்தான் பொறுமையைக் கோரியது, ஏனெனில் அதன் பிழை கண்ணை உறுத்தவில்லை. ஏரி ஏரியாகவே தெரிந்தது, ஆனால் சுமார் 200 மீட்டர் விலகி நின்றது. அந்தத் தாள், பூமியின் வடிவத்துக்கு இந்தியாவில் முன்பு பயன்பட்ட எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் மூலைகளில் அச்சிட்டிருந்த பாகைகளை யாரோ ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையின் மதிப்புகளாகக் கொண்டு பொருத்தியிருந்தார்கள். கால்வாயின் கரையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டை நீர்வழிக்குள் இருப்பதாகக் காட்டிவிட 200 மீட்டர் தாராளமாகப் போதும் என்பதால், இதை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தாளின் கட்டக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக எடுத்து, எவரெஸ்ட் நீள்வட்டத்தைக் கொண்ட கல்யாண்பூர் 1975 டேட்டத்தில் (ஆயங்களுக்கான அடிப்படை அமைப்பில்) ஜியோரெஃபரன்ஸ் செய்து, அதாவது படத்தை அதன் இடத்தில் பொருத்தி, அதன் பிறகே 43-ஆம் மண்டலத்துக்கு மாற்றினேன். ஏரிக்கரையையும் பழைய சாலைச் சந்திப்புகளையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டபோது கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன.

பரப்பளவு கணக்கிடும் வேலை மீதமிருந்தது. இணைய வரைபடங்களுக்குரிய வெப் மெர்கேட்டர் தளத்தில் நேரடியாக அளந்தால் பெங்களூருவில் பரப்பு 5 முதல் 6 விழுக்காடு வரை கூடுதலாகக் காட்டும். டெல்லியில் இந்தப் பிழை 30 விழுக்காட்டை நெருங்கும். ஆகவே ஏக்கர் கணக்கு முழுவதையும் நீள்வட்டத்தின் மீதான அளவீடாகவே எடுத்தேன். ஒவ்வொரு லேயரும் எந்த டேட்டத்தில் வந்தது, எதற்கு மாற்றப்பட்டது என்பதைக் கோப்புடனேயே எழுதி வைத்துக் குழுவிடம் ஒப்படைத்தேன்.