கூந்தன்குளத்தில் ஹாட்ஸ்பாட்டும் பறவைப் படங்களும்

ஜனவரி 14

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகக் கூந்தன்குளம் வந்து அத்தை வீட்டில் தங்கியிருக்கிறேன். வரித்தலை வாத்துகள் கூட்டமாக இறங்கியிருக்கின்றன. கூழைக்கடாக்களும் உண்டு. கார்டு நிறையப் படம்.

வீட்டில் வைஃபை கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். படங்களை லேப்டாப்பில் இறக்கியதும், கோப்புகளை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றிவைக்கும் ஒன்டிரைவின் கிளவுட் ஒத்திசைவு தானாகத் தொடங்கி, மதியத்துக்குள் அன்றைய 2 ஜிபியும் தீர்ந்துபோனது. அதற்கப்புறம் 64 கேபிபிஎஸ் வேகம், அதாவது நொடிக்கு 8 கிலோபைட். என் கேமராவின் ரா கோப்பு, அதாவது சுருக்காத மூலப்படம், ஒன்று ஏறக்குறைய 25 எம்பி. ஒரு படம் ஏறவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஜனவரி 15

நள்ளிரவில் டேட்டா புதுப்பித்துக்கொண்டது. காலையில் முதல் வேலையாக விண்டோஸ் அமைப்புகளில் இந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்தேன். கம்ப்யூட்டருக்கு ஹாட்ஸ்பாட்டும் இன்னொரு வைஃபைதான். அளந்து செலவழிக்க வேண்டிய டேட்டா இது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஒன்டிரைவ் தானே நின்றுகொள்கிறது. விண்டோஸ் அப்டேட்டும் பெரும்பாலும் காத்திருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் ஒத்திசைவு நின்றுபோனதைப் பார்த்துக் கோளாறு என்று பயப்படுகிறவர்கள் முதலில் இந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

நிறுத்தியாயிற்று, சரி. ஆனால் எனக்குச் சில படங்கள் இன்றே போயாக வேண்டும். ஒத்திசைவை மறுபடி ஓடவிட்டால் வரிசையில் நிற்பதெல்லாம் கிளம்பிவிடும், வேண்டிய படம் எங்கோ பின்னால் நிற்கும். அதனால் ரா கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, ஒத்திசையும் கோப்புறையிலிருந்து வெளியே நகர்த்தினேன். பிரதி எடுக்காமல் இதைச் செய்யவே கூடாது: ஒத்திசையும் கோப்புறையை விட்டு ஒரு படம் வெளியேறினால், கிளவுடிலிருந்தும் அது போய்விடும்.

ஜனவரி 16

கரையோரச் சேற்றில் கொசு உள்ளான்கள் என்னும் சின்னக் கரைப்பறவைகள். இரண்டு வகையைக் கால் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம்: ஒன்றுக்குக் கறுப்பு, மற்றதுக்கு மஞ்சள் கலந்த பச்சை. சேறு அப்பிய காலில் அது லேசில் தெரியாது. மதுரையில் இருக்கும் அண்ணன் ஒருவர்தான் எங்களுக்கு இதையெல்லாம் பார்த்துச் சொல்பவர். முழுப்படத்தையும் சிறிதாக்கி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“தம்பி, பறவை தெரியுது, கால் எங்கய்யா?”

படத்தைச் சிறிதாக்கும்போது காலில் இருந்த விவரமும் சேர்ந்து போய்விடுகிறது. அதே படத்தில் பறவையை மட்டும் வெட்டி, அளவைக் குறைக்காமல் ஜேபெக்காகச் சேமித்தேன். 1 எம்பிகூட இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது மறுபடி அமுக்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பினேன். சேற்றுக்கு மேலே கால் முட்டியருகில் ஒரு துண்டு மஞ்சள்பச்சை தெளிவாகத் தெரிந்தது. அவரும் அதைத்தான் சொன்னார். எனக்கு அப்படியொரு சந்தோஷம்! குறைந்த டேட்டாவில் பறவை பார்க்கிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன்: படத்தைச் சுருக்காதீர்கள், வெட்டுங்கள்.

ஜனவரி 17

நடு அறையில் சிக்னல் ஊசலாடியது. அத்தை சொன்னாள், “மச்சுப் படிகிட்ட வச்சுப் பாரு, எம் மவன் அங்கன நின்னுதான் போன் பேசுவான்.” அங்கே நன்றாகவே எடுத்தது. போனை அங்கேயே வைத்துவிட்டு, ஹாட்ஸ்பாட்டின் அலைவரிசையை 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு மாற்றினேன், சுவரைத் தாண்டிக் கீழே வரை எட்டுகிறது.

மாலையில் லேப்டாப்பையே படிக்குக் கொண்டுபோய் யுஎஸ்பி கேபிளில் போனை இணைத்தேன். இணைப்பு அறுபடவில்லை, போனும் சார்ஜ் ஏறியது. ஒரு எச்சரிக்கை: கேபிளில் இணைத்தால் விண்டோஸ் அதை வேறொரு நெட்வொர்க்காக எடுத்துக்கொள்கிறது. வைஃபைக்குப் போட்ட மீட்டர்டு கட்டுப்பாடு இங்கே செல்லாது, தனியாகப் போட வேண்டும்.

ஜனவரி 19

திருநெல்வேலியில் நண்பன் வீட்டு ஃபைபர். ரா கோப்புகளை ஒத்திசையும் கோப்புறைக்குத் திரும்ப நகர்த்தினேன். ஏற்றும் வேகத்துக்கு மட்டும் ஒன்டிரைவ் அமைப்பில் ஒரு வரம்பு வைத்தேன். ஏற்றம் முழுப் பாதையையும் அடைத்துக்கொண்டால் அவன் வீட்டார் யாரும் ஒரு வீடியோகூடப் பார்க்க முடியாது. ராத்திரி முழுக்க ஓடட்டும். காலையில் பிரவுசரில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, வெளி டிஸ்க்கையும் ஒருமுறை சரிபார்த்த பிறகு கார்டை ஃபார்மட் செய்யலாம்.