எஃப்ட்ரேஸ் போட்டதும் மெஷின் உறைகிறதா? பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள்

எஃப்ட்ரேஸ் என்பது லினக்ஸ் கர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று பதியும் கருவி. அதன் ஃபங்ஷன் ட்ரேசரை ஆன் செய்த நொடியே மெஷின் உறைந்தால், அந்தப் பதிவுகள் சேரும் ட்ரேஸ் பஃபரில் துப்பு தேடிப் பயனில்லை. அது ரேமில் இருப்பது. ரீசெட் அடித்தால் போயிற்று.

கர்னலின் பெரும்பாலான ஃபங்ஷன்களின் தொடக்கத்தில், எக்ஸ்86-ல், எதுவும் செய்யாத 5 பைட் கட்டளை (நோப்) ஒன்று சும்மா கிடக்கும். ட்ரேசர் ஆன் ஆனதும் அது ட்ரேசரைக் கூப்பிடும் அழைப்பாக மாறும். ட்ரேசரே உள்ளுக்குள் கூப்பிடும் ஃபங்ஷனும் ட்ரேஸ் ஆனால் முடிவில்லாத சுழல்தான். இதைத் தடுக்கும் சோதனை கர்னலில் உண்டு. ஆனால் அந்தச் சோதனைக்கு முன்பே கூப்பிடப்படும் ஃபங்ஷனை அது காப்பாற்றாது.

எந்த ஃபங்ஷன்களை மட்டும் ட்ரேஸ் செய்ய வேண்டும் என்று சொல்லும் கோப்பு செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டர். முதலில் அதில் 'ஷெட்யூல்' என்ற ஃபங்ஷன் ஒன்றை மட்டும் எழுதி ட்ரேசரைப் போடுங்கள். மெஷின் தாக்குப்பிடித்தால், குற்றவாளி வேறேதோ ஃபங்ஷன். இனி யூகம் வேண்டாம். ட்ரேஸ் செய்யக்கூடிய எல்லா ஃபங்ஷன்களும் உள்ள அவைலபிள்_ஃபில்டர்_ஃபங்ஷன்ஸ் பட்டியலில் பாதியை ஃபில்டரில் போட்டு ஓட்டுங்கள். உறைந்தால் அந்தப் பாதி, உறையாவிட்டால் மறு பாதி. 40,000 ஃபங்ஷன் இருந்தாலும் 16 சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். 5.1 கர்னலிலிருந்து பெயருக்குப் பதில் வரி எண்ணையே எழுதலாம். பெயராக எழுதினால் ஏற்றவே நிமிடக்கணக்கில் ஆகும். பட்டியலை வெட்டித்தர கர்னல் சோர்ஸிலேயே எஃப்ட்ரேஸ்-பைசெக்ட் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ட்ரேசரைப் போடும் முன் பட்டியல் கோப்புகளை 'சிங்க்' செய்து டிஸ்கில் ஏற்றிவிடுங்கள். கடைசி எண்ணை எழுதியதும் ஃபில்டரைத் திரும்பப் படித்து, பெயரைக் குறித்துக்கொண்ட பிறகே ஆன் செய்யுங்கள். மாட்யூல்கள் ஏறும் வரிசை மாறினால் எண்களும் இடம் மாறும்.

வேலூர் வெயில் காலத்தில் இதை யுபிஎஸ் இல்லாமல் செய்யவே கூடாது. நடுவில் கரண்ட் போய் வந்தால், ட்ரேசர்தான் மெஷினைச் சாய்த்தது என்று தப்பாகக் குறிப்பீர்கள். ஒரு சுற்று தப்பினால் அதற்குப் பின் வரும் எல்லாச் சுற்றும் வீண். கர்னல் செய்திகளைக் கம்பி வழியே வெளியே அனுப்பும் சீரியல் கன்சோலை 115200 வேகத்தில் இன்னொரு மெஷினோடு இணைத்து, பூட் வரியில் சாஃப்ட்லாக்கப்_பேனிக்=1, என்எம்ஐ_வாட்ச்டாக்=பேனிக் சேர்த்தால் உறைந்ததற்குச் சாட்சி கிடைக்கும். உறைவதைக் கண்டுபிடிக்கும் வாட்ச்டாக்கின் வரம்பு வழக்கமாக 10 விநாடி. சிபியு கர்னலிலேயே சிக்கி மற்ற வேலைகளுக்கு வழிவிடாத சாஃப்ட் லாக்கப்புக்கு அதன் இரு மடங்கு. அதுவரை பொறுங்கள்.

ஃபங்ஷன் ட்ரேசர் ஓடி, ஃபங்ஷன்_கிராஃப் மட்டும் உறைந்தால் கதை வேறாக இருக்கலாம். கிராஃப், ஃபங்ஷன் முடிவதையும் பதிகிறது. அதனால் சுமை கூடும். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் லேபுகளில் கிடக்கும் பழைய இரட்டைக் கோர் மெஷினில் 1000 ஹெர்ட்ஸ் டைமர் என்றால் ஒரு டிக்குக்கு 1 மில்லிவிநாடிதான். டைமர் இன்டரப்ட் அதற்குள் முடியாவிட்டால் அடுத்தது வந்து நிற்கும். சிபியு வேறெதற்கும் திரும்பாது. லாக் பிழைகளைத் தேடும் லாக்டெப் போன்ற டீபக் அம்சங்களை நிறுத்தி, 250 அல்லது 100 ஹெர்ட்ஸில் கர்னலைக் கட்டிப் பாருங்கள். உறைவது நின்றால் ஃபங்ஷனைத் தேட வேண்டியதே இல்லை.

குற்றவாளி ஃபங்ஷன் சிக்கினால், இப்போதைக்கு ட்ரேஸ் செய்யக் கூடாதவற்றைச் சொல்லும் செட்_எஃப்ட்ரேஸ்_நோட்ரேஸ் கோப்பில் அதன் பெயரைப் போடுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, சோர்ஸில் அந்த ஃபங்ஷனுக்கு 'நோட்ரேஸ்' குறி.