ஞாயிறும் புதனும்

கல்யாணமானபோது எனக்கு வயது 22. பி.எட். முடிக்க இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. அதுவரை குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் ஒரே இரவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். அதற்கான வழி கிடைக்கத்தான் நாலு மாதம் ஆனது.

எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் மாமனாருக்குப் பழக்கம். அதனால் ஆணுறை வாங்கக் கணவர் பக்கத்து ஊருக்குப் போவார். ஒருநாள் உறை கிழிந்துவிட்டது. அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று படித்திருந்தேன். மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கக்கூடிய மாத்திரைதான். ஆனால் தமிழ்நாட்டில் பல கடைகளில் அதை வைத்திருப்பதே இல்லை. திண்டுக்கல்லில் நாலு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்தார். அந்த மாதம் நாள் வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனேன். "எத்தனை குழந்தை?" என்றார். இல்லை என்றதும், "முதல் பிள்ளையைப் பெற்றுக்கொள், பிறகு பார்ப்போம்" என்று எழுந்துவிட்டார். என் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை என்பது இன்றும் வலிக்கிறது.

மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்பது அத்தையின் நம்பிக்கை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லையே என்று அவருடைய அக்காவை ஊர் ஏழு வருடம் பேசியிருக்கிறது. அந்தப் பயம் அவரை விடவில்லை.

ஒரு புதன்கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போட அரசு சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். கூட்டம் குறைந்ததும் நர்சம்மாவிடம் மெல்லக் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசியாக நாள் வந்தது எப்போது, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, தினமும் போடும் மாலா-என் மாத்திரை, வாரக் கணக்கில் போடும் சாயா மாத்திரை என எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்து விளக்கினார். எல்லாமே இலவசம்.

நான் சாயாவைக் கேட்டேன். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மாத்திரை அது. அதில் ஹார்மோன் கிடையாது. மாதவிடாய் வந்த முதல் நாளில் தொடங்கி, மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. "நாள் தள்ளிப் போகலாம், பயப்படாதே கண்ணு. 15 நாளைத் தாண்டினால் வா, சோதித்துவிடலாம்" என்றார். நிறுத்தினால் கரு தரிக்கும் என்றும் உறுதியாகச் சொன்னார். அடுத்த முறை கணவரையும் வரச் சொல்லி, கருத்தடை முறைகளில் பால்வினை நோய்த்தொற்றைத் தடுக்க ஆணுறை ஒன்றுதான் உதவும் என்பதை அவரிடம் நேராகவே சொன்னார்.

மாத்திரை போடும் நாட்களாக எனக்கு ஞாயிறும் புதனும் அமைந்தன. தினசரி நாட்காட்டியில் அந்தத் தாள்களின் மூலையைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். இரண்டாம் மாதம் 11 நாள் தள்ளிப் போனது. முன்பே சொல்லியிருந்ததால் தூக்கம் கெடவில்லை.

போன வாரம் நாத்தனார் அந்த வட்டத்தைக் காட்டி, "இது என்ன விரதம் அண்ணி?" என்று கேட்டாள். அவளுக்குத் தை மாதம் கல்யாணம். அறைக்குள் அழைத்துப்போய், மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வருகிற புதன்கிழமை இருவரும் நர்சம்மாவைப் பார்க்கப் போகிறோம்.