பேர் சுரண்டின பேனல் மீட்டர் சிப்பு: 8ஆம் கால் காட்டிக் கொடுத்துடுச்சு

ஒருவழியா இந்த மூணு வயர் பேனல் வோல்ட்மீட்டரோட சர்க்யூட் முழுசா பேப்பருக்கு வந்துடுச்சு. மூணு டிஜிட், சிவப்பு எல்இடி, பின்னாடி டிரிம் பாட் இல்லாத மாடல். டிஸ்ப்ளே கழட்டுற கதையெல்லாம் இங்க வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா சிப்பை டிஸ்ப்ளேக்கு அடியில வச்சதும் இல்லாம மேல இருந்த எழுத்தையும் சுரண்டி அனுப்புறாங்க பாருங்க, அதுதான் எனக்கு செம கடுப்பு.

20 கால் சிப்பு. 7 கிரவுண்ட், 9 சப்ளை, 3 வோல்ட் ரெகுலேட்டர்ல இருந்து வருது. இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஏன்னா இதுல இருக்க வாய்ப்புள்ள ரெண்டு மைக்ரோகண்ட்ரோலர், எஸ்டி கம்பெனியோட எஸ்டிஎம்8எஸ்003, நுவோட்டான் கம்பெனியோட என்76ஈ003, ரெண்டுக்குமே சப்ளை கால் இதே இடத்துலதான். வித்தியாசம் 8ல இருக்கு. ப்ரோப் முனையில தையல் ஊசி கட்டி தடவிப் பார்த்தேன், 8ல இருந்து ஒரே ஒரு கெபாசிட்டர் கிரவுண்டுக்குப் போகுது, வேற எங்கயும் பீப் வரல. பவர் கொடுத்து வச்சா 1.8 வோல்ட், ஆடாம அசையாம நிக்குது. எஸ்டிஎம்8ல சிப்புக்கு உள்ள இருக்கிற கோர் ரெகுலேட்டருக்காக வெளிய கெபாசிட்டர் மாட்டுற வீகேப் கால் அது, நுவோட்டான் சிப்புல அதே இடத்துல சாதாரண ஐஓ (இன்புட்/அவுட்புட்) கால்தான் இருக்கும். அப்புறம் 11, 12ஐப் பார்த்தேன். எஸ்டிஎம்8ல அந்த ரெண்டும் ஓபன் டிரெய்ன், கீழ இழுக்கத்தான் முடியும், மேல தள்ள முடியாது. போர்டுல ரெண்டுமே செக்மென்டுக்குத்தான் போகுது, டிஸ்ப்ளே காமன் ஆனோடு, அதாவது செக்மென்டைக் கீழ இழுத்தாத்தான் எரியும். பொருந்திடுச்சு. இது எஸ்டிஎம்8எஸ்003தான், இதுக்கு மேல சந்தேகமே இல்ல.

உண்மையிலேயே ரசிச்சது, வர்ற வோல்டேஜை ரெசிஸ்டரால குறைச்சு சிப்புக்குக் கொடுக்கிற இன்புட் டிவைடரைத்தான். 334னு போட்ட ரெசிஸ்டர் மேல, 333 கீழ கிரவுண்டுக்கு, அதாவது 330கே, 33கே, பதினொண்ணுல ஒரு பங்கு. 3 வோல்ட் ஏடிசிக்கு (வோல்டேஜை நம்பரா மாத்துற பகுதி) 33 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும், அப்புறம் எப்படி 99 வரைக்கும் காட்டுது? ரெண்டும் சேர்ற அதே முனையில 153னு (15கே) இன்னொண்ணு தொங்குது, அதோட மறுமுனை கிரவுண்டுக்குப் போகாம சிப்போட 10ஆம் காலுக்குப் போகுது. அந்தக் காலை கீழ இழுத்தா 33கேவும் 15கேவும் பேரலல் ஆகி 10.3கே, அப்ப பங்கு 33, அளவு சரியா 99 வோல்ட்! ஸ்கோப்பை வச்சுட்டு இன்புட்டை மெதுவா ஏத்தினேன், 29 கிட்ட போனதும் 2.6ல இருந்த முனை சட்டுனு 0.9க்கு இறங்குது. ஒரே ஒரு ரெசிஸ்டர்ல ஆட்டோ ரேஞ்ச். இதை டிசைன் பண்ணவன் கெட்டிக்காரன், மனசாரச் சொல்றேன்.

ஆனா அந்த ரெண்டாவது தசம இடத்தை நம்பாதீங்க. 10 பிட் ஏடிசி, 3 வோல்ட்டை 1024ஆ பிரிச்சு 11ஆல பெருக்கினா ஒரு படி 32 மில்லிவோல்ட். 5.00க்கு அப்புறம் 5.03, அப்புறம் 5.06னு தாவுறது அதனாலதான். ரெஃபரன்ஸுக்குத் தனிக் காலும் இந்த 20 கால் சிப்புல கிடையாது, சப்ளையேதான் ரெஃபரன்ஸ், ரெகுலேட்டர் ஆடினா ரீடிங்கும் ஆடும்.

இன்னொரு விஷயம், அதே படத்தைப் போட்டு வித்த வேற ஒரு இடத்துல இருந்தும் ஒண்ணு வாங்கியிருந்தேன். அதுல 8ல கெபாசிட்டர் இடமே காலி, 153ம் இல்ல. அது அநேகமா நுவோட்டான் ஆளு, 12 பிட் ஏடிசி இருக்கிறதால ரேஞ்ச் மாத்த வேண்டிய வேலையே இல்லன்னு விட்டுட்டாங்க போல. அதனால படத்தைப் பார்த்து மொத்தமா வாங்கிடாதீங்க, ஒண்ணு வாங்கி 8ஆம் காலைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

முதல் மீட்டருக்கே வர்றேன். 18ஆம் கால் ஸ்விம், அதாவது ப்ரோக்ராம் ஏத்துற கால், ஓரத்துல இருக்கிற பேடுக்கு வந்திருக்கு. ஃபர்ம்வேரைப் படிக்கலாம்னா ரீட் அவுட் ப்ரொடெக்‌ஷன் போட்டிருக்கு (உள்ள இருக்கிறதைப் படிக்க விடாத பூட்டு), அதை எடுத்தா ப்ரோக்ராம், ஈப்ராம் எல்லாம் அழிஞ்சுடும், கேலிப்ரேஷனும் சேர்ந்து போயிடும். அதனால அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வோல்ட்டுக்கும் என்ன காட்டுதுன்னு டேபிள் போட்டுட்டு இருக்கேன், இன்னும் 40க்கு மேல பாக்கி. அதுக்குள்ள எஸ்டிசிசி கம்பைலர்ல சொந்தக் கோடு எழுத ஆரம்பிச்சாச்சு. ரீடிங் சீரியல்ல வெளிய வரணும், ஆனா சீரியல் டேட்டாவை அனுப்புற யுவார்ட் டிஎக்ஸ் வர்ற 2ஆம் காலை செக்மென்டுக்குக் கொடுத்துட்டாங்க, அதனால ஸ்விம் காலையே ஐஓவா மாத்தி பிட் பேங் பண்ணப் போறேன், அதாவது கோடாலயே அந்தக் காலை ஏத்தி இறக்கி டேட்டாவை அனுப்புறது. அப்படிப் பண்ணா மறுபடி ப்ரோக்ராம் பண்றப்போ ரீசெட் கால் கையில இருக்கணும், அதுக்கு 4ல இருந்து ஒரு மெல்லிசு வயர் இப்பவே இழுத்து வச்சாச்சு.