கீழ்க் கடைவாயில் ஒரு டைட்டானியம் ஸ்க்ரூ

கடைவாய்ப்பல் போன இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பல்லின் வேர் போலப் பதிக்கும் ஸ்க்ரூ, வைக்கலாம் என்றதும் டாக்டர் இரண்டு விலை சொன்னார். இரண்டுமே டைட்டானியம்தானே, அப்புறம் எதற்கு இந்த வித்தியாசம் என்று கேட்டேன். வித்தியாசம் மேற்பரப்பில்தான் என்று மாதிரி ஸ்க்ரூ ஒன்றை எடுத்துக் காட்டினார். கழுத்துப் பகுதி மட்டும் பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே மங்கலான சாம்பல் நிறம். துகள்களை வேகமாக அடித்து, அமிலத்தில் முக்கி எடுத்த சொரசொரப்பு அது. ஒன்றிரண்டு மைக்ரான் அளவு மேடுபள்ளம்தான், கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பள்ளங்களில் ரத்த உறைவின் இழைகள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எலும்புச் செல்கள் அந்த இழைகள் வழியாகவே உலோகம் வரை வந்து, அங்கேயே எலும்பு போட ஆரம்பிக்கும். வழவழப்பான உலோகத்தில் இழைகள் உரிந்துவிடலாம். துளையின் சுவரிலிருந்து எலும்பு மெல்ல வளர்ந்து வர வேண்டும். 1965இல் ஸ்வீடனில், டைட்டானியம் பல் இம்ப்ளான்ட்டின் முன்னோடியான பிரோனேமார்க் தன் முதல் நோயாளிக்கு வைத்தது வழவழப்பான வகைதான். அதுவும் பிடித்தது. ஆனால் அந்த வகைக்குக் கீழ்த்தாடையில் 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம் காத்திருந்து, பிறகுதான் மேலே பல் பொருத்துவது வழக்கம். சொரசொரப்பு வந்தபிறகு, நல்ல எலும்பு இருந்தால் 6 முதல் 8 வாரம் போதும் என்றானது.

பெரியப்பாவின் இடுப்பு மூட்டில் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு இருக்கிறது. எலும்பில் உள்ள அதே வகைத் தாது. எனக்கும் அது வேண்டாமா என்றேன். "தொடை எலும்பு மூடின இடம் சார். வாய் அப்படியா?" என்றார். பல் இம்ப்ளான்ட்டில் அந்தப் பூச்சு சிலருக்குப் பெயர்ந்தும் கரைந்தும் போனதால் மவுசு குறைந்துவிட்டதாம். எலும்புக்குப் பிடித்த பூச்சு என்பதற்காக எல்லா இடத்துக்கும் அது ஒத்துவராது போல. நியாயமாகப் பட்டது.

வைத்த அன்று வலி இல்லை, துளையிடும் அதிர்வு மட்டும். உறுதியை அளக்க ஸ்க்ரூவின் மேல் சின்னக் குச்சி ஒன்றைப் பொருத்தி, பக்கத்தில் கருவியை நீட்டினார்கள்: நூற்றுக்கு 74. நான்காம் வாரம் அது 67 ஆனபோது எனக்குத் திக்கென்றது. டாக்டர் அசரவில்லை. முதலில் இருப்பது மரை கொடுக்கும் பிடி. சுற்றியுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரைந்துதான் புதியது வரும், நடுவில் இந்தச் சரிவு வழக்கம் என்றார். சொரசொரப்பு இருந்தால் சரிவு ஆழமாகப் போகாதாம். அடுத்த முறை 76. சரி என்று மேலே கேப், அதாவது செயற்கைப் பல், போட்டார்கள்.

ஈறு இறங்கிச் சொரசொரப்பு வெளியே தெரிந்தால் அழுக்கும் அங்கேதான் அதிகம் ஒட்டும், சுத்தம் செய்வதும் கஷ்டம். அதனால் இடுக்கு பிரஷ் தினமும் உண்டு. கம்பெனி, அளவு, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு ஊரில் கேப் லூசானால் அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.