நாரைக்கு முழங்கால் ஆழம் போதும்

நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டும், தீபாவளிக்குக்கூட ஊரில் வெடி போட மாட்டார்கள் என்பதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. 1994-இல் சரணாலயம், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியல். சரி.

எனக்கு அலுக்காதது அந்த நாரை மீன் பிடிக்கும் விதம்தான். அது பெரும்பாலும் கண்ணால் தேடுவதே இல்லை. அலகைப் பாதி திறந்து கலங்கல் தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். நடுநடுவே ஒரு காலால் சேற்றைக் கிளறி மீனை விரட்டும். ஏதாவது அலகில் பட்டால் டப்பென்று மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

நடந்துகொண்டே மேயும் பறவை என்பதால் அதற்கு முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீர் ஆகாது. கூழைக்கடா நீந்தும், அதற்குக் கவலையில்லை. நாரை, கரண்டிவாயன், உள்ளான் எல்லாம் கரையோரச் சரிவை நம்பித்தான் வருகின்றன.

நாம் என்ன செய்கிறோம்? தூர்வாருகிறோம் என்று ஜேசிபியை இறக்கி, குளம் முழுக்க ஒரே ஆழமாகத் தோண்டி, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து, மேலே நடைபாதையும் போட்டுவிடுகிறோம். தண்ணீர் நிற்கும், பறவைக்குக் கால் வைக்க இடமிருக்காது. தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கமாவது சரிவை விட்டுவையுங்கள், பறவைகள் கூடு கட்டும் நாட்டுக் கருவேல மரங்களைத் தொடாதீர்கள். அப்புறம், உங்கள் ஊர்க் குளத்தில் வேலை நடந்தால் கரையின் சரிவை எப்படி விடப்போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.