இரண்டு சூரியன் ஊரைத் தேடி: துனீசிய நாட்குறிப்பு

நவம்பர் 9, சனி. அஜீம், ஜெர்பா தீவு

'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் கண்ட கிரகத்து ஜீவன்களெல்லாம் கூடிக் குடிக்கும் சாராயக்கடை ஒன்று வருமே, அதன் வெளிவாசல் இந்த ஊரில்தான் இருக்கிறது. உள்ளே நடப்பது பெரும்பாலும் லண்டன் பக்கத்து எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுத்தது. தேடிப்பிடித்துப் போனால் காரை பெயர்ந்த பழைய கட்டடம். அக்கா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுக்காடா ஃப்ளைட் ஏறி வந்தோம்?" என்றாள். அவள் படத்தைப் பார்த்ததே இல்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்தவள் என்பதால் பேச்சுத்துணைக்கு இழுத்து வந்திருக்கிறேன். இங்கே அரபிக்கு அடுத்தபடி பிரெஞ்சுதான் ஓடுகிறது.

ஊருக்கு வடக்கே கரையோரமாக, படத்தில் வரும் ஓபி-வான் கெனோபியின் வீடு. சின்ன வெள்ளைக் குவிமாடம். பாலைவனத்தில் ஒளிந்து வாழும் கிழவரின் குடிசை என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். பின்னால் திரும்பினால் கடல்! கேமராவை அந்தப் பக்கம் திருப்பாமல் சமாளித்திருக்கிறார்கள். துறையில் கயிறு கட்டிய மண்பானைகள் அடுக்கிக் கிடந்தன. ஆக்டோபஸ் பிடிக்கவாம். பொந்து என்று நினைத்து அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அக்கா அதை என் கிழவர் வீட்டைவிட அதிகமாகப் போட்டோ எடுத்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு. க்சார் ஹதாதா

அஜீமிலிருந்து படகில் ஏறி மறுகரை, அங்கிருந்து லுவாஜ். நம்மூர் ஷேர் வேன்தான். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் நகரும். சிவப்புப் பட்டை போட்டது தூர ஊர்களுக்கு, நீலம் பக்கத்து ஊர்களுக்கு. நேரம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

வழியில் தத்தாவின் வந்தது. இந்த ஊர்ப் பெயரைத்தான் படத்தை இயக்கிய ஜார்ஜ் லூகாஸ் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி, கதை நடக்கும் இரண்டு சூரியன் கிரகத்துக்கு டாட்டூயின் என்று வைத்தார். பெயர்ப்பலகையோடு போட்டோ எடுத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

ஹதாதாவில் 1999-ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக அடிமைகள் குடியிருப்பைக் காட்டியிருப்பார்கள். சின்னச் சின்ன வளைவுக் கூரை அறைகள், ஒன்றின் மேல் ஒன்று. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் கால் வைத்து ஏற வேண்டும். உண்மையில் இவை தானியக் கிடங்குகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு மதில், ஒரு வாசல். "ஊர்க் குதிரு" என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பார்லி, ஆலிவ், எண்ணெய் எல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது. பஞ்சத்துக்காகச் சேர்த்துவைத்த இடம் திரையில் அடிமைச் சேரி ஆனது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள். மத்மாத்தா

இதற்காகத்தான் வந்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பொட்டல். நாலடி நடந்தால் காலடியில் பெரிய வட்டக் குழி, இரண்டு மாடி ஆழம். மென்மையான மண்பாறையை மேலிருந்து தோண்டி முற்றம் அமைத்து, அதன் சுவர்களைச் சுற்றிலும் குடைந்து அறைகள் எடுத்திருக்கிறார்கள். உள்ளே போகப் பக்கவாட்டில் ஒரு சுரங்கப் பாதை. வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான அமாசிக் (பெர்பர்) மக்களின் வீடுகள் இவை. வெயில் காலத்தில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. ஏசியும் வேண்டாம் ஹீட்டரும் வேண்டாம்.

ஹோட்டல் சிதி திரிஸ் இப்படிப்பட்ட சில குழிகளை இணைத்தது. முதல் படத்தின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் மாமா, அத்தையோடு உட்கார்ந்து சாப்பிடும் இடம் இதுதான். 1976-ல் படம் பிடித்தபோது இது ஏற்கெனவே ஹோட்டல். ஷூட்டிங் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். 2000-ல் இன்னொரு படத்துக்காகத் திரும்பி வந்து மறுபடி பொருத்திய வாசல் சட்டங்களும் குழாய்களும்தான் இப்போது இருப்பவை. தட்டிப் பார்த்தேன், பொக்கென்று சத்தம் கேட்டது. ஒட்டுப் பலகை. ஆனால் சாப்பாட்டு அறைக் கூரையில் வரைந்த அந்தக் கோலம் போன்ற ஓவியத்தின் கீழே உட்கார்ந்து கூஸ்கூஸ் சாப்பிட்டபோது என் கை நடுங்கியது. அக்கா, "ஹரீஸா காரமா?" என்று கேட்டாள். காரம் இல்லை அக்கா, லூக்.

மதியம் டூரிஸ்ட் பஸ்கள் வந்து குழி நிரம்பிவிட்டது. நாங்கள் ஊருக்குள் நடந்தோம். ஒரு பாட்டி தன் வீட்டைக் காட்டினார். வாசலுக்கு மேலே கண்ணேறு படாமலிருக்க மீனும் கையும் வரைந்திருந்தது. அறை ஓரத்தில் திருகை. அக்கா அதைப் பார்த்ததும் சேலை இல்லாத குறையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். பாட்டி சிரித்துக்கொண்டே பார்லியைக் குழியில் போட்டார். எனக்கு அங்கே வேலையில்லை. புதினா டீ குடித்தேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் படத்துக்குக் கலை இயக்கத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது, தகுதியானதுதான். ஆனால் இந்த வீட்டை யாரும் வடிவமைத்து வாங்கவில்லை. வேற்றுக் கிரகம் என்று உலகமே நம்பியது இந்தப் பாட்டியின் கொல்லையைப் பார்த்துத்தான். ஒட்டுப் பலகைகளைக் கழற்றிவிட்டாலும் மத்மாத்தா அப்படியேதான் இருக்கும்.

நவம்பர் 13, புதன். நெஃப்தா

ஷொத் எல் ஜெரித் உப்பு ஏரியைக் குறுக்கே கடந்தோம். சாலைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை. தண்ணீர் தேங்கிய இடங்கள் மட்டும் இளஞ்சிவப்பு. கண் கூசுகிறது.

லூக் வீட்டின் வெளித்தோற்றம், அந்த வெள்ளைக் குவிமாடம், நெஃப்தாவிலிருந்து அல்ஜீரியா எல்லைக்குப் போகும் சாலையை விட்டு விலகி உப்புத் தரையில் தனியாக நிற்கிறது. இதையும் 2000-ல் திரும்பக் கட்டினார்கள். பிறகு சிதைந்துபோனதை 2012-ல் ரசிகர்கள் கைக்காசைச் சேர்த்துப் பூசிச் சரிசெய்தார்கள். 1976 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கியதே துனீசியாவில்தான், தொடங்கியதுமே மழையும் காற்றும் செட்டைக் குலைத்ததும் இங்கேதான்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். சூரியன் ஒன்றுதான்.

நவம்பர் 14, வியாழன். மோஸ் எஸ்பா

வாடகை ஜீப்பில் மணலுக்குள். வழியில் ஓங் ஜெமல், ஒட்டகக் கழுத்து போலவே நீண்ட பாறை. அதைத் தாண்டினால் ஒரு முழு ஊர்! 1999 படத்துக்கான செட். 1997-ல் கட்டினார்கள், மரச்சட்டம், கம்பி வலை, மேலே சாந்துப் பூச்சு. அந்த வருஷமே புயல் வந்து புரட்டிப்போட்டு, மறுபடி நிமிர்த்தினார்கள். இப்போது பூச்சு உதிர்ந்து கம்பி பல்லிளிக்கிறது. காற்றிலிருந்து ஈரம் கறக்கும் கருவிகள் என்று படத்தில் காட்டிய தூண்கள் மட்டும் விறைப்பாக நிற்கின்றன.

பெரிய வில்லன் மணல்மேடு. பிறை வடிவில் இருக்கும் இந்த வகை மேட்டுக்கு பர்கான் என்று பெயர். காற்று ஒரு பக்கம் மணலை ஏற்றி மறுபக்கம் சரிக்கச் சரிக்க, மேடு மொத்தமாக நகர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் என்று 2013-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அடுத்த வருஷம் இயந்திரங்களைக் கொண்டுவந்து மணலை வாரினார்கள். ஜீப் டிரைவர் தோளைக் குலுக்கினார். "வாரினால் திரும்ப வரும்" என்று அவர் சொன்னதாக அக்கா மொழிபெயர்த்தாள்.

செட்டுக்குள் மணல் ரோஜாக் கற்கள் விற்கும் பையன்கள், ஒட்டகம், கயிறு கட்டிய ஒரு பாலைவன நரிக்குட்டி. நரியோடு போட்டோ எடுக்கக் காசு கேட்டார்கள். மாட்டேன் என்றேன். பாவம், அதன் காது அதைவிடப் பெரிசு.

எனக்கு இந்த இடம் பிடித்திருந்தது. ஆனால் மத்மாத்தாவில் வந்த நடுக்கம் வரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி. தோஸர்

பேரீச்சை அறுவடைக் காலம். குலையோடு வாங்கி அறையில் மாட்டியிருக்கிறோம். ராத்திரி அக்காவே கேட்டாள், "சரி, அந்தப் படத்தைப் போடு." லேப்டாப்பில் பாதி ஓடியது.

நடுவில் நிறுத்தச் சொன்னாள். "இவன் உப்புத் தரையிலதானே நின்னான்? இப்ப மத்மாத்தா குழியில இருக்கான். நமக்கு ஏரியெல்லாம் தாண்டி வர எவ்வளவு நேரம் ஆச்சு!"

இருநூறு கிலோமீட்டருக்கு மேல் அக்கா, எடிட்டிங் என்றேன்.

"அப்ப அந்தக் குதிரு எப்ப வரும்?"

அது வேற படம். அதுவும் பார்க்கணுமாம். திருகை எங்கேயாவது தெரிகிறதா என்று பார்க்க.